கிழிந்த தோளைத் தைத்த கதை

வயதானவர்கள் இருக்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் ஒன்று உண்டு. கையை மேலே தூக்க முடியவில்லை, சட்டை மாட்டும்போது உயிர் போகிறது, ராத்திரி அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் தூக்கமே இல்லை, மேல் அலமாரியில் இருக்கிற டப்பாவை எடுக்க இன்னொரு ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் நம் ஊரில் வெகுகாலமாக ஒரே பெயர்தான்: வாயுப் பிடிப்பு. தைலம் தேய்ப்பார்கள், தவிட்டு ஒத்தடம் கொடுப்பார்கள், சில மாதத்தில் கொஞ்சம் குறையும், மறுபடி வரும். இப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்கிறார்.

கிழிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்து என்ன? வேட்டி கிழிந்தால் தைக்கிறோம். தோளில் கிழிந்தால் தைக்க வேண்டியதுதானே? பார்த்தால் சின்னக் கேள்வி. ஆனால் இதை வைத்துக்கொண்டு மருத்துவ உலகம் நூறு வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையில் ஒரு பிடிவாதக்கார டாக்டர், ஒரு நெருப்புக்கோழிக் கார்ட்டூன், ஒரு ஓட்டலில் நடந்த எரிப்பு என்று பலதும் இருக்கின்றன. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் உடற்கூறு. பயப்பட வேண்டாம், சுருக்கமாகவே.

இடுப்பு மூட்டு என்பது ஆட்டுக்கல் குழியில் உட்கார்ந்த குழவி மாதிரி. ஆழமான குழி, எளிதில் நழுவாது. தோள் மூட்டு அப்படியல்ல. ஒரு தேங்காயைச் சின்னச் சாசரில் சாய்த்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? அதுதான் தோள். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரிது. அது உட்காரும் தோள்பட்டை எலும்பின் குழி ஆழமில்லாதது. இதனால்தான் நம்மால் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. இதனால்தான் அந்தத் தேங்காயை இடத்தில் பிடித்து வைக்க வேறு ஏற்பாடும் தேவைப்படுகிறது.

அந்த ஏற்பாடு நான்கு தசைகள். சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்காபுலாரிஸ். நான்கும் தோள்பட்டை எலும்பில் கிளம்பி, தசைநாண்களாக மெலிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உருண்டைத் தலையைக் குல்லாய் போட்டது போல மூடி ஒட்டிக்கொள்கின்றன. இந்தக் குல்லாய்க்குத்தான் ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். வெளியே தெரிகிற பெரிய தோள் தசையான டெல்டாய்டு கையை மேலே இழுக்கும்போது, தேங்காய் மேலே வழுக்கிப் போகாமல் குழியோடு அழுத்திப் பிடிப்பது இந்த நால்வரின் வேலை. இவர்களில் மேலே இருக்கிற சுப்ராஸ்பைனேட்டஸ், அக்ரோமியன் என்ற எலும்புக் கூரைக்கு அடியில் ஒடுங்கிய சந்து ஒன்றில் போகிறது. பெரும்பாலான கிழிசல்கள் ஆரம்பிக்கிற இடம் அதுதான்.

இந்தக் கிழிசலை முதலில் பார்த்தவர்கள் நோயாளிகளிடம் பார்க்கவில்லை, பிணங்களில் பார்த்தார்கள். எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் மன்றோ (அப்பாவுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் இதே பெயர், மூவரும் அதே ஊரில் உடற்கூறியல் பேராசிரியர்கள், இவர் நடு ஆள்) 1788-ல் மூட்டுகளைச் சுற்றியுள்ள நீர்ப்பைகளைப் பற்றி வெளியிட்ட நூலில் இப்படி ஒரு கிழிந்த தோளின் படம் இருக்கிறது. பிறகு 1834-ல் ஜான் கிரிகரி ஸ்மித் என்பவர் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் ஏழு தோள்களை விவரித்தார். தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்து வந்திருப்பதைத் தெளிவாக எழுதினார். அதோடு சரி. யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஏன் கண்டுகொள்ளவில்லை? உயிரோடு இருக்கிறவரின் தோளுக்குள் எட்டிப் பார்க்க வழி இல்லை. 1872-ல் பிரான்சில் துப்ளே என்ற மருத்துவர் தோள் வலிகள் பலவற்றையும் மூட்டைச் சுற்றிய அழற்சி என்ற ஒரே பெயரில் கட்டிப்போட்டார். நம் வாயுப் பிடிப்பின் பிரெஞ்சுப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள் :-) 1895-ல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசைநாண் தெரியாது. எலும்பு முறியவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் மருத்துவர்கள் சிலர் பிய்ந்த தசைநாணைத் தைத்துப் பார்த்ததுண்டு. ஆனால் அது ஒரு சிகிச்சை முறையாக வளரவில்லை.

இப்போது நம் கதாநாயகன் வருகிறார். எர்னஸ்ட் அமோரி காட்மன், 1869-ல் பிறந்தவர், பாஸ்டன்காரர். ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். மாணவராக இருக்கும்போதே ஒரு வேலை செய்தார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கொடுப்பது மாணவர்களின் பொறுப்பு. நோயாளிகள் மேஜையிலேயே இறந்துபோவதும் நடக்கும். காட்மனும் அவருடைய வகுப்புத் தோழர் ஹார்வி குஷிங்கும் (பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையின் தந்தை என்று பெயர் வாங்கியவர்) யார் நன்றாக மயக்க மருந்து கொடுக்கிறார்கள் என்று தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். அதற்காக 1894-ல் நோயாளியின் நாடித் துடிப்பையும் மூச்சையும் நிமிஷத்துக்கு நிமிஷம் தாளில் குறிக்க ஆரம்பித்தார்கள். இன்று எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் இருக்கிற மயக்க மருந்துப் பதிவேட்டின் ஆரம்பம் அது. எதையும் எழுதி வைத்து, பிறகு எண்ணிப் பார்ப்பது என்கிற வியாதி அவருக்கு அப்போதே தொற்றிவிட்டது.

மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சேர்ந்த காட்மன், தோளுக்குள் இருக்கும் நீர்ப்பையைப் பற்றி ஆராய ஆரம்பித்தார். வலிக்குக் காரணம் அந்தப் பை என்பதுதான் அப்போதைய கணக்கு. ஆபரேஷன் செய்து பையைத் திறந்து பார்த்தால் சிலருக்குப் பையின் தரையில் ஓட்டை! பையின் தரை என்பதே சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாண்தான். அது பிய்ந்துபோய் மூட்டின் உள்பக்கம் தெரிகிறது. 1909-ல் அவர் அப்படி ஒரு கிழிசலைத் தைத்தார். 1911-ல் பாஸ்டன் மருத்துவ இதழில் இரண்டு நோயாளிகளைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். முழுதாகப் பிய்ந்த சுப்ராஸ்பைனேட்டஸைத் தைத்துச் சரிசெய்தது பற்றிய கட்டுரை அது. தோள் அறுவை சிகிச்சையின் வரலாறு எழுதுகிற எல்லோரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

தைத்தார், சரி. காட்மனின் உண்மையான ஆர்வம் அதற்கடுத்த கேள்வியில் இருந்தது. தைத்த பிறகு அந்த ஆள் என்ன ஆனார்? ஒரு வருஷம் கழித்துக் கையைத் தூக்கினாரா, வேலைக்குப் போனாரா?

கேட்டால் சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு அது பெரிய வம்பு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட வேண்டும், என்ன நோய், என்ன சிகிச்சை, ஒரு வருஷம் கழித்து என்ன நிலைமை, சரியாகவில்லை என்றால் தப்பு யார்மேல், மருத்துவர்மேலா, கருவிமேலா, நோயின்மேலா என்று எழுத வேண்டும், அதை ஊரறிய வெளியிடவும் வேண்டும் என்றார் அவர். 'இறுதி விளைவு' என்று இந்த யோசனைக்குப் பெயர் வைத்தார். பெரிய டாக்டர்களுக்கு இது பிடிக்குமா? அங்கே பதவி உயர்வு முழுக்க முழுக்க சீனியாரிட்டி. யார் கையில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

காட்மன் 1911-ல் தானே பன்னிரண்டு படுக்கையுள்ள ஒரு சின்ன மருத்துவமனையைத் தொடங்கினார். 1911 முதல் 1916 வரை 337 பேர் அங்கே சிகிச்சை பெற்று வெளியேறினார்கள். அவர்களில் 123 தவறுகளைத் தானே கண்டுபிடித்து, அச்சடித்து வெளியிட்டார். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சொந்த மருத்துவமனை, சொந்தப் பணம், சொந்தத் தவறுகள், அதற்குச் சொந்தச் செலவில் விளம்பரம்!

1914-ல் சீனியாரிட்டி முறையை எதிர்த்து மசாசூசெட்ஸ் மருத்துவமனை வேலையை ராஜினாமா செய்தார். செய்த கையோடு, என் விளைவுகள் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருக்கின்றன, ஆகவே என்னைத் தலைமை அறுவை மருத்துவராக நியமியுங்கள் என்று விண்ணப்பமும் போட்டார். நக்கலுக்குக் குறைவில்லை. 1915 ஜனவரி 6-ஆம் தேதி பாஸ்டன் மருத்துவ நூலகத்தில் ஒரு கூட்டம். மருத்துவமனைத் திறன் பற்றிப் பேச மேயர் கர்லியையும், தொழிற்சாலைகளில் வேலை வேகத்தை அளக்கிற கில்பிரெத்தையும் அழைத்திருந்தார். கூட்டத்தின் முடிவில் ஒரு பெரிய கார்ட்டூனை விரித்துக் காட்டினார். பாஸ்டன் பணக்காரர்கள் வசிக்கிற பேக் பே பகுதி ஒரு நெருப்புக்கோழியாக மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு, பின்னங்காலால் தங்க முட்டைகளை டாக்டர்களை நோக்கி உதைத்துத் தள்ளுகிறது. சிகிச்சை பலித்ததா என்ற உண்மை வெளியே வந்தால் முட்டை கிடைக்குமா என்ற யோசனையில் ஹார்வர்டின் தலைவர்.

விளைவு? சங்கத்தில் பதவி போனது, ஹார்வர்டில் கற்பிக்கிற வேலை போனது, நண்பர்கள் விலகினார்கள், வருமானம் சரிந்தது.

இதற்கு ஒரு கிளைக்கதை இருக்கிறது, சொல்லாமல் போக மனமில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 1913-ல் தொடங்கியபோது மருத்துவமனைகளின் தரத்தை ஆராய ஒரு குழு அமைத்தார்கள், அதன் தலைவர் காட்மன். அவர் விலகிய பிறகும் அந்த வேலை தொடர்ந்தது. 100 படுக்கைகளுக்கு மேல் உள்ள 692 மருத்துவமனைகளைப் பார்த்தார்கள். மிகக் குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை 89 மட்டுமே. 1919-ல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் முடிவை அறிவித்தார்கள், எண்ணிக்கையை மட்டும். எந்தெந்த மருத்துவமனைகள் தேறவில்லை என்ற பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கக்கூடாது என்று அதை ஓட்டலின் அடித்தளத்து உலையில் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். தேறாதவற்றில் நாட்டின் பெயர்பெற்ற மருத்துவமனைகளும் இருந்தன.

காட்மன் தோளுக்குத் திரும்பினார். 1934-ல் 'தோள்' என்ற தலைப்பில் ஒரு பெரிய புத்தகத்தைத் தன் செலவிலேயே வெளியிட்டார். தோள் மருத்துவத்தின் முதல் முழு நூல் என்று அதைச் சொல்வார்கள். அதன் முன்னுரையில் தன் வாழ்க்கைக் கதையையும், மேலே சொன்ன சண்டைகளையும் வரைபடம் போட்டு எழுதியிருக்கிறார். தோள் பற்றிப் படிக்கப் போன டாக்டர்கள் அதைப் பார்த்து விழித்திருப்பார்கள். 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று இன்று எல்லோரும் சொல்கிற பெயர் அவர் கொடுத்தது. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொல்கிறார்களே, அதற்கு ஃபிசியோதெரபிஸ்டுகள் இன்றும் காட்மன் பயிற்சி என்றுதான் சொல்கிறார்கள்.

1940-ல் இறந்தார். மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல் இல்லாமலே புதைக்கப்பட்டார். 2014-ல்தான் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஒரு கல் வைத்தன.

காட்மனுக்குப் பிறகு சண்டை வேறு பக்கம் திரும்பியது. தசைநாண் ஏன் கிழிகிறது? காட்மன் அடிபடுவதால் என்றார். அவரிடம் வந்தவர்களில் பலர் நாற்பது தாண்டிய உடலுழைப்பாளிகள். விழுந்து, அல்லது பாரம் தூக்கி, சட்டென்று கை போனவர்கள். ஆகவே சீக்கிரம் கண்டுபிடித்துச் சீக்கிரம் தைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கலிபோர்னியாவில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த மேயர் என்பவர் இல்லை, இது பழைய செருப்பு தேய்வது போலத் தேய்மானம் என்றார். இரண்டு பேருக்கும் ஆதாரம் இருந்தது. வயதாக ஆகத் தசைநாண் நைந்து போகிறது. நைந்த துணி ஒரு சின்ன இழுப்பில் கிழிகிறது. எதைக் காரணம் என்பது?

1944-ல் நியூயார்க்கின் மெக்லாக்லின், சுருங்கி உள்ளே போய்விட்ட பெரிய கிழிசல்களை எப்படி இழுத்துப் பிடித்து எலும்பில் பள்ளம் போட்டுப் பதித்துத் தைப்பது என்று எழுதினார். அந்த முறை பல காலம் ஓடியது. அப்போதெல்லாம் தோளைத் திறக்க டெல்டாய்டு தசையை எலும்பிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. திரும்பத் தைத்த டெல்டாய்டு பிய்ந்துகொண்டால் நோயாளியின் நிலைமை ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட மோசம். சிலர் எலும்புக் கூரையையே முழுதாக வெட்டி எடுத்தார்கள். அதனாலும் டெல்டாய்டு பிடிமானம் இழந்தது.

1972-ல் நியூயார்க்கின் சார்லஸ் நீர் ஒரு கட்டுரை எழுதினார். 100 தோள்பட்டை எலும்புகளை ஆராய்ந்ததில் 11-ல் எலும்புக் கூரையின் முன் விளிம்புக்கு அடியில் முள் மாதிரி வளர்ச்சி இருந்தது. கை தூக்கும்போது தசைநாண் அந்த விளிம்பில் உரசி உரசித் தேய்கிறது, ஆகவே கூரை முழுவதையும் எடுக்காமல் அந்த முன் விளிம்பை மட்டும் சீவினால் போதும் என்றார். அழகான விளக்கம். கண்ணால் பார்க்கலாம், கையால் சீவலாம். பிற்பாடு கிழிசல்களில் 95 சதவீதம் இந்த உரசலால்தான் வருகிறது என்றும் சொன்னார். அழகான விளக்கங்களிடம் ஓர் ஆபத்து உண்டு, அவற்றைச் சோதிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. கேமராக் குழாய் வைத்துச் சீவுகிற வசதி 1980-களில் வந்ததும் இந்த ஆபரேஷன் காட்டுத்தீயாகப் பரவியது. நியூயார்க் மாநிலத்தில் மட்டும் 1996-ல் 5,571 ஆக இருந்தது, 2006-ல் 19,743 ஆனது. தசைநாண் முழுதாகக் கிழியாமல் வலி மட்டும் உள்ளவர்களுக்கு உண்மையில் சீவினவர்களையும், குழாயை விட்டுச் சும்மா பார்த்துவிட்டு மூடினவர்களையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வும் ஃபின்லாந்து ஆய்வும் 2018-ல்தான் வெளிவந்தன. இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நீரின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 46 வருஷம்!

சரி, தைப்பதற்கு வருவோம்.

அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் வந்த பிறகு, ஆரோக்கியமானவர்களின் தோளையும் பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றியது. 1995-ல் வந்த ஓர் ஆய்வில் தோளில் எந்த வலியும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மொத்தத்தில் 34 சதவீதம் பேருக்குக் கிழிசல். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்தால் 54 சதவீதம், அதில் பாதிக்கு மேல் முழுக் கிழிசல். வலி இல்லை, கை தூக்குகிறார்கள், வேலை செய்கிறார்கள், உள்ளே கிழிந்திருக்கிறது! அதே வருஷம் இஸ்ரேலில் அல்ட்ராசவுண்டு வைத்துச் செய்த ஆய்விலும் இதே போக்கு, எண்பது தாண்டினால் பெரும்பான்மையோருக்கு. அப்படியானால் வலியோடு வரும் ஒரு பாட்டிக்கு ஸ்கேனில் கிழிசல் தெரிந்தால், அந்த வலிக்கு அந்தக் கிழிசல்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? தலை நரைத்தவருக்குத் தலைவலி வந்தால் நரையால் வந்தது என்று சொல்வோமா? (உவமை கொஞ்சம் அதிகப்படிதான். கிழிசலில் வலிக்கிறவை நிச்சயம் உண்டு.)

தைத்தது ஒட்டுகிறதா என்று பார்த்தபோது அடுத்த அதிர்ச்சி. 1991-ல் சியாட்டிலில் ஹாரிமன் குழுவினர் தாங்கள் தைத்த 105 தோள்களைச் சராசரியாக ஐந்து வருஷம் கழித்து அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். காட்மன் கேட்ட அதே கேள்வி, இப்போது உள்ளே எட்டிப் பார்க்கிற கருவியோடு. ஒரே தசைநாண் கிழிந்திருந்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு ஒட்டியிருந்தது. ஒன்றுக்கு மேற்பட்டவை கிழிந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் மறுபடி பிய்ந்திருந்தது. 2004-ல் செயின்ட் லூயிஸில் கேலட்ஸ் குழுவினர் வெளியிட்டது இன்னும் சுவாரஸ்யம். கேமராக் குழாய் மூலம் பெரிய கிழிசல்களைத் தைத்த 18 பேரில் 17 பேருக்குத் தையல் விட்டுப்போயிருந்தது. ஆனால் ஒரு வருஷத்தில் அவர்களில் பெரும்பாலோர் வலி குறைந்து, கை தூக்கி, சந்தோஷமாக இருந்தார்கள்! இரண்டாம் வருஷம் அந்தப் பலன் கொஞ்சம் இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் தையல் பிரிந்தவருக்கு ஏன் வலி குறைகிறது? ஓய்வா, பயிற்சியா, உள்ளே சுத்தம் செய்ததா, ஆபரேஷன் செய்துகொண்டோம் என்கிற மனநிறைவா?

வயதுக் கணக்கை நேரடியாகப் போட்டவர் பிரான்சின் நீஸ் நகரத்து பாஸ்கல் புவாலோ. 2005-ல் அவர் குழுவினர் சுப்ராஸ்பைனேட்டஸ் மட்டும் கிழிந்த 65 பேரைத் தைத்துவிட்டு ஆராய்ந்தார்கள். மொத்தத்தில் 71 சதவீதம் பேருக்கு முழுதாக ஒட்டியது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 43 சதவீதம்தான்.

ஏன் ஒட்டுவதில்லை என்பதற்குக் காரணங்கள் புரியத்தான் செய்கின்றன. தசைநாண் எலும்பில் சேரும் இடம் இயற்கையில் மிக நுணுக்கமானது. மெத்தென்ற நார் மெல்ல மெல்லக் குருத்தெலும்பாகி, சுண்ணாம்பேறி, எலும்பாகிறது. அதைப் பிய்த்துவிட்டால் உடம்பு மறுபடி அந்தப் படிக்கட்டைக் கட்டுவதில்லை. தழும்பு வைத்து ஒட்டுப்போடுகிறது. வயதானவருக்கு ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு சல்லடை, நூலைக் கட்டுகிற ஆணி பிடிக்காமல் உருவிக்கொண்டு வரும். இன்னொன்று, பாரிஸ் பக்கத்திலிருந்து குத்தாலியே என்பவர் 1994-ல் காட்டியது. கிழிந்து நாளான தசைக்குள் கொழுப்பு புகுந்துவிடுகிறது. அவர் சி.டி. ஸ்கேனில் பார்த்து அதைப் பூஜ்யம் முதல் நான்கு வரை தரம் பிரித்தார். தசையைவிடக் கொழுப்பு அதிகமாகிவிட்டால் தையல் நின்றாலும் அந்தத் தசை பழையபடி இழுக்காது. ஆகவே காலம் கடத்தினால் தைக்கவே முடியாத நிலை வரும் என்பது தைக்கச் சொல்கிறவர்களின் நியாயமான வாதம்.

நூல் வலுவானது, ஒற்றை வரிசை போய் இரட்டை வரிசைத் தையல் வந்தது, திறந்த ஆபரேஷன் போய்ச் சாவித்துவாரங்கள் வந்தன. பிரிட்டனில் 50 வயதுக்கு மேற்பட்ட 273 பேரைத் திறந்த ஆபரேஷன், குழாய் ஆபரேஷன் என்று குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வு 2015-ல் வந்தது. இரண்டு வருஷம் கழித்து இரு தரப்பும் சமம். அந்த ஆய்வில் முதலில் ஆபரேஷன் இல்லாமல் ஓய்வு, பயிற்சி என்று மூன்றாவது தரப்பும் இருந்தது. அதில் போடப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் "எனக்கு ஆபரேஷனே வேண்டும்" என்று மாறிவிட்டதால் அந்தத் தரப்பைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆராய்ச்சி செய்வதிலும் மனித சுபாவம் குறுக்கே வருகிறது பாருங்கள்.

பயிற்சியா, தையலா என்பதைக் கடைசி வரை நடத்திக் காட்டியவை வட ஐரோப்பிய நாடுகள். ஃபின்லாந்தில் அடிபடாமல் தானாகக் கிழிந்த, 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் 180 தோள்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வெறும் பயிற்சி, ஒன்றுக்குச் சீவலும் பயிற்சியும், ஒன்றுக்குத் தையலும் சீவலும் பயிற்சியும். 2014-ல் வந்த ஒரு வருஷ முடிவில், நூற்றுக்குக் கணக்கிடும் தோள் மதிப்பெண்ணில் முறையே 74, 77, 78. வித்தியாசம் என்று சொல்ல எதுவுமில்லை. நார்வேயில் மூஸ்மையர் குழு 3 சென்டிமீட்டருக்கு மிகாத கிழிசல் உள்ள 103 பேரை இரண்டாகப் பிரித்தது. ஐந்து வருஷத்தில் தைத்தவர்களுக்கு ஐந்து மதிப்பெண் அளவில் சின்ன முன்னிலை. ஆனால் அவர்கள் விடவில்லை, பத்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2019-ல் வெளியான முடிவில் வித்தியாசம் 9.6 ஆக வளர்ந்திருந்தது. தைக்காமல் விட்ட சிலருக்குக் கிழிசல் பெரிதாகிவிட்டது; நாலில் ஒருவர் போலப் பிறகு ஆபரேஷனுக்கு வந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. ஒரு வருஷக் கணக்கில் தையலுக்குத் தனிப் பலன் தெரிவதில்லை. பத்து வருஷக் கணக்கில் தெரிகிறது. அறுபது வயதில் இன்னும் பாரம் தூக்கிப் பிழைக்கிறவருக்குப் பத்து வருஷம் என்பது பெரிய விஷயம். எண்பது வயதில் தலை வாரிக்கொள்ள முடிந்தால் போதும் என்கிறவருக்கு ஆறு வாரம் தூளியில் கையைக் கட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் பயிற்சி செய்து, கடைசியில் பாதிக்குப் பாதி ஒட்டாமல் போகும் என்றால் அவர் யோசிப்பது நியாயம். அமெரிக்காவில் அடிபடாமல் கிழிந்த 452 பேருக்கு முதலில் பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் (2013), இரண்டு வருஷத்தில் நாலில் ஒருவருக்கும் குறைவானவர்களே ஆபரேஷனுக்குப் போனார்கள். விழுந்து அடிபட்டு, நேற்றுவரை தூக்கிய கை இன்று தூக்கவில்லை என்றால் கதை வேறு. அங்கே காட்மன் சொன்னபடி சீக்கிரம் பார்க்கத்தான் வேண்டும்.

தைக்கவே முடியாதவர்களுக்கு என்ன வழி? நான்கு தசைகளும் கைவிட்டால் தேங்காய் மேலே ஏறிக் கூரையில் இடித்து மூட்டே தேய்ந்துபோகும். சாதாரண செயற்கை மூட்டு வைத்தாலும் அதைப் பிடித்து வைக்க ஆள் இல்லை, ஆட்டம் காணும். பிரான்சில் திஜோன் நகரத்து பால் கிராமோன் 1985-ல் ஒரு குறும்பு செய்தார். குழி இருக்கும் இடத்தில் உருண்டை, உருண்டை இருக்கும் இடத்தில் குழி! சாசரைத் தேங்காய்க்கு மேலே கவிழ்த்துவிட்டார். மூட்டின் சுழல்மையம் உள்பக்கமும் கீழேயும் நகர்கிறது, டெல்டாய்டுக்கு நெம்புகோல் நீளம் கூடுகிறது, ஆகவே கஃப் இல்லாமலே டெல்டாய்டு ஒன்றே கையைத் தூக்குகிறது. 1970-களில் நீர் உட்படப் பலர் இப்படித் தலைகீழ் மூட்டு செய்து தோற்றிருந்தார்கள். சுழல்மையத்தை எங்கே வைப்பது என்பதில்தான் கிராமோன் ஜெயித்தார். அமெரிக்கா இதை அனுமதிக்க 2003 ஆனது. வருஷக்கணக்கில் கையைத் தூக்காத பல முதியவர்கள் இந்தத் தலைகீழ் மூட்டால் தூக்கினார்கள். மூட்டையே மாற்றுகிற பெரிய ஆபரேஷன் என்பதால் எல்லோருக்கும் இது இல்லை.

அதற்குப் பதிலாகச் சுலபமாக ஏதாவது? தேங்காய்க்கும் கூரைக்கும் இடையில் ஒரு சின்ன பலூனை வைத்து உப்புநீர் நிரப்பிவிடுகிற யோசனை வந்தது. சில மாதத்தில் பலூன் தானாகக் கரைந்துவிடும். செய்வதும் எளிது. 2021 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தைக்க முடியாத பெரிய கிழிசல் உள்ள 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதை அனுமதித்தது. பாதித் தையலோடு ஒப்பிட்ட ஆய்வில் அது பின்தங்கவில்லை என்பது அடிப்படை. 2022-ல் பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 117 பேரிடம் வேறு மாதிரி சோதித்தார்கள். பாதிப் பேருக்கு உள்ளே சுத்தம் செய்து மூடிவிட்டார்கள், மீதிப் பேருக்குச் சுத்தம் செய்து பலூனும் வைத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்கும், பிறகு அளந்து பார்த்தவர்களுக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழித்து 48-க்குக் கணக்கிடும் தோள் மதிப்பெண்ணில் பலூன் வைத்தவர்களுக்கு 30.3, வைக்காதவர்களுக்கு 34.3. நடுவில் கணக்குப் பார்த்தபோதே இது தெரிந்துவிட்டதால், திட்டமிட்ட எண்ணிக்கை வரை ஆள் சேர்க்காமல் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.